கொழுப்பைக் குறைத்தால் டெங்கு வைரஸ் பட்டினி கிடக்குமா?

கேள்வி கேட்டவர் மூன்று ஐயங்களை ஒன்றாக வைத்திருக்கிறார். வைரஸ் தன் பெருக்கத்துக்கு நம் செல்களின் சர்க்கரையையும் கொழுப்பையும் பயன்படுத்திக்கொள்கிறது என்று படித்திருக்கிறார். அது உண்மையா என்பது முதல் ஐயம். உண்மையென்றால், டெங்குக் காய்ச்சலின்போது எண்ணெயை விலக்கியோ உண்ணாமல் இருந்தோ வைரஸைப் பட்டினி போட முடியுமா என்பது இரண்டாவது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுத்துக்கொள்ளும் தம் தந்தைக்கு அது டெங்குவிலிருந்து கூடுதல் பாதுகாப்பு தருமா என்பது மூன்றாவது. இவற்றின் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: செல்லுக்குள் நடக்கும் ஆற்றல் உற்பத்தியும் கொழுப்பு வளர்சிதைமாற்றமும் தொற்றின் போக்கை மாற்றுகின்றன என்றால், அந்த மாற்றத்தை நம் சாப்பாட்டுத் தட்டிலிருந்தோ மாத்திரை அட்டையிலிருந்தோ நாம் இயக்க முடியுமா? முன்பாதிக்கு விடை உறுதியாக 'ஆம்'. பின்பாதிக்கு, டெங்குவைப் பொறுத்தவரை, இதுவரை கிடைத்துள்ள விடை 'முடியவில்லை' என்பதே. இந்த இரண்டு விடைகளும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்கின்றன என்பதைத்தான் விளக்க விரும்புகிறேன். வைரஸ் தொற்றிய செல்களின் வளர்சிதைமாற்றத்தை ஆய்வகத்தில் ஆராய்வது என் தொழில். நோயாளிகளுக்கு மருத்துவம் பார்ப்பவன் அல்லன். ஆகவே செல்லைப் பற்றி நான் சொல்வதைப் பயிற்சியிலிருந்து சொல்வதாகவும், சிகிச்சை பற்றிச் சொல்வதை வெளியான மருத்துவ ஆய்வுகளைப் படித்தவன் என்ற அளவில் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வைரஸுக்கென்று வளர்சிதைமாற்றம் எதுவும் கிடையாது. அதனிடம் எரிபொருளை எரித்து ஆற்றல் தரும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா இல்லை, புரதம் கட்டும் ரைபோசோம் இல்லை, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறை உண்டாக்கும் வழியும் இல்லை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஆக்சிஜன் இன்றி லாக்டேட் வரை சிதைத்தால் செல்லுக்கு 2 ஏடிபி கிடைக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் முழுமையாக எரித்தால் 30 முதல் 32 வரை கிடைக்கிறது. பால்மிடிக் அமிலம் என்ற 16 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலத்தை எரித்தால் நிகரமாக 106 கிடைக்கிறது. டெங்கு வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 10,700 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்என்ஏ. அதைப் படியெடுக்கவும், அதிலிருந்து நீண்ட ஒரே புரதத்தைக் கட்டி 10 புரதங்களாக நறுக்கவும், ஆயிரக்கணக்கில் புதிய வைரஸ் துகள்களை அடுக்கவும் தேவைப்படும் ஆற்றல் முழுவதும் இத்தகைய வழிகளில் நம் செல்லிலிருந்தே வருகிறது. இதில் ஐயத்துக்கு இடமில்லை. டெங்கு தொற்றிய செல்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் குளுக்கோஸை உறிஞ்சுகின்றன என்பதையும், குளுக்கோஸ் சிதைவைத் தடுத்தால் வைரஸ் உற்பத்தி வெகுவாகக் குறைகிறது என்பதையும் 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் டெங்குவின் கதையில் சர்க்கரையைவிடக் கொழுப்பே சுவையானது. பலரும் கொழுப்பு என்றால் எரிபொருள் என்று மட்டும் நினைக்கிறார்கள். செல்லுக்கு அது முதலில் கட்டுமானப் பொருள். செல்லின் ஒவ்வொரு சவ்வும் கொழுப்பால் ஆனது. டெங்கு வைரஸ் செல்லின் திறந்தவெளியில் பெருகுவதில்லை. எண்டோபிளாச வலை எனப்படும் உட்சவ்வைக் குடைந்து, நுண்ணிய பைகள் போன்ற மடிப்புகளை உண்டாக்கி, அவற்றுக்குள் ஒளிந்துகொண்டு தன் ஆர்என்ஏவைப் படியெடுக்கிறது. இப்படிச் செய்வதால் படியெடுப்பதற்கான பொருட்கள் ஓரிடத்தில் திரண்டு கிடைக்கின்றன. வைரஸ் ஆர்என்ஏவை அடையாளம் காணும் செல்லின் உணரிகளிடமிருந்து மறைவும் கிடைக்கிறது. முடிவில், சுமார் 50 நானோமீட்டர் குறுக்களவுள்ள புதிய துகள் வெளியேறும்போது போர்த்திக்கொள்ளும் உறையும் அதே சவ்விலிருந்து பெறப்பட்டதுதான். ஆகவே டெங்கு தொற்றிய செல் பெருமளவில் புதிய சவ்வைத் தயாரித்தாக வேண்டும்; அதற்குப் புதிய கொழுப்பு அமிலங்கள் வேண்டும்.

அவை எங்கிருந்து வருகின்றன என்பதற்கு 2010-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கிளென் ராண்டலின் ஆய்வகத்திலிருந்து தெளிவான விடை வந்தது. கொழுப்பு அமிலங்களைப் புதிதாகக் கட்டும் நொதிக்குக் கொழுப்பு அமில சிந்தேஸ் என்று பெயர். டெங்கு வைரஸின் என்எஸ்3 என்ற புரதம் இந்த நொதியோடு ஒட்டிக்கொண்டு, அதை வைரஸ் படியெடுக்கும் இடத்துக்கே இழுத்துக்கொண்டு வருகிறது. செல்லில் உள்ள நொதியின் அளவு கூடுவதில்லை. இருக்கும் நொதி இடம் மாறுகிறது, வேகம் கூடுகிறது. அந்த நொதியைத் தடுத்தால் வைரஸ் பெருக்கம் சரிகிறது. இந்தக் கண்டுபிடிப்பை நான் மிக முக்கியமானதாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. கேள்வி கேட்டவரின் இரண்டாவது ஐயத்துக்கான விடையில் பாதி இதிலேயே அடங்கியிருக்கிறது. வைரஸ் பயன்படுத்தும் கொழுப்பு, நாம் உண்ட எண்ணெய் நேராகச் சென்று சேர்ந்தது அன்று. செல் தன்னிடமுள்ள குளுக்கோஸ் முதலியவற்றைச் சிதைத்து, அதிலிருந்து கிடைக்கும் இரண்டு கார்பன் துண்டுகளைக் கோத்து, தானே கட்டிய கொழுப்பு. சமையற்கட்டையே கைப்பற்றிக்கொண்டவன், கடையில் எந்தப் பொருள் வாங்கப்படவில்லை என்று கவலைப்படுவதில்லை.

அதே ஆண்டில் அதே ஆய்வகம் இன்னொரு பக்கத்தையும் காட்டியது. செல்கள் உபரிக் கொழுப்பைச் சிறு துளிகளாகச் சேமித்து வைக்கின்றன. டெங்கு தொற்றியதும், செல் தன் பழைய பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் தன்னுண்ணல் என்ற செயல்முறை தூண்டப்பட்டு, இந்தத் துளிகளைக் கரைக்கிறது, வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சென்று எரிகின்றன, ஏடிபி கூடுகிறது. இது வெறும் உடன்நிகழ்வா, வைரஸுக்குத் தேவையான நிகழ்வா என்ற கேள்விக்கு அவர்கள் செய்த சோதனை அழகானது. தன்னுண்ணலைத் தடுத்தபோது வைரஸ் பெருக்கம் குறைந்தது. தடை நீடிக்கும்போதே வெளியிலிருந்து கொழுப்பு அமிலத்தைச் சேர்த்தபோது பெருக்கம் மீண்டது. அதாவது வைரஸுக்கு வேண்டியிருந்தது தன்னுண்ணல் அன்று, அதன் விளைவாகக் கிடைக்கும் கொழுப்பு அமிலம்தான். கொழுப்பு அமிலம் எரிவதை மருந்தால் தடுத்தபோது பெருக்கம் குறைந்தது என்பதும் இதற்கு வலுச் சேர்த்தது.

உயிர்வேதியியல் படித்தவர்கள் இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிப்பார்கள். இயல்பான செல், கொழுப்பைக் கட்டுவதையும் எரிப்பதையும் ஒரே நேரத்தில் செய்வதில்லை. கட்டும் பாதையில் உருவாகும் மலோனைல் கோ-ஏ என்ற இடைப்பொருள், கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசெல்லும் வாயிலை மூடிவிடுகிறது. ஆகவே ஒன்று நடந்தால் மற்றது ஓயும். டெங்கு தொற்றிய செல்லில் இரண்டும் நடப்பதாகத் தெரிகிறது. கட்டுதல் எண்டோபிளாச வலையின் ஓரிடத்திலும் எரித்தல் வேறிடத்திலும் நடப்பதால் ஒன்றையொன்று தடுப்பதில்லை என்று சொல்லலாம். அல்லது தொற்றின் முதற்கட்டத்தில் ஒன்றும் பிற்கட்டத்தில் மற்றொன்றும் மேலோங்குகின்றன என்று சொல்லலாம். நான் முதல் விளக்கத்தின் பக்கம் சாய்கிறேன், ஏனெனில் கட்டும் நொதியின் இடமாற்றம் நேரடியாகக் காட்டப்பட்டது. ஆயினும் அது என் சாய்வே அன்றி நிறுவப்பட்ட முடிவு அன்று.

கொழுப்புத் துளிகளைப் பற்றியும் இணக்கமற்ற செய்திகள் உண்டு. 2009-இல் புவெனஸ் ஐரிஸில் ஆண்ட்ரியா கமார்னிக்கின் குழு, டெங்குவின் மரபுப்பொருளைப் பொதிந்துவைக்கும் கேப்சிட் புரதம் கொழுப்புத் துளிகளின் மேற்பரப்பில் திரள்கிறது என்றும், அது துகள்களை அடுக்குவதற்குத் தேவை என்றும், தொற்றிய செல்களில் துளிகள் கூடுகின்றன என்றும் காட்டியது. சிகாகோ குழுவோ துளிகள் குறைவதைக் கண்டது. இரு குழுக்களும் வெவ்வேறு செல்களையும் வெவ்வேறு நேரங்களையும் பயன்படுத்தியதே இதற்குக் காரணமாக இருக்கலாம். மைட்டோகாண்ட்ரியாவின் வடிவத்திலும் இதே நிலைதான்: வைரஸின் ஒரு புரதம் மைட்டோகாண்ட்ரியாக்களை ஒன்றோடொன்று இணைத்து நீளச் செய்கிறது என்று சில ஆய்வுகளும், வேறொரு புரதம் அவற்றை இணைக்கும் புரதங்களையே வெட்டுகிறது என்று வேறு ஆய்வுகளும் கூறுகின்றன. கொழுப்பு வேண்டும் என்பது உறுதி. அது எந்த மணி நேரத்தில் எந்தப் பாதையில் எவ்வளவு செல்கிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை.

மற்ற வைரஸ்களைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டுச் செல்கிறேன். மனித சைட்டோமெகலோ வைரஸ் கொழுப்பு அமில உற்பத்தியைப் பன்மடங்கு உயர்த்துவதை 2008-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்சினியா வைரஸ், புதிதாகக் கட்டிய கொழுப்பு அமிலத்தை உடனே எரித்து ஆற்றலாக்கிக்கொள்கிறது. ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இன்னும் ஒரு படி மேலே சென்று, கல்லீரல் இரத்தத்துக்கு அனுப்பும் கொழுப்புப் புரதத் துகள்களோடு தானும் இணைந்தே பயணிக்கிறது; இந்தியாவில் அதிகம் காணப்படும் அதன் மூன்றாம் மரபணு வகை கல்லீரலில் நேரடியாகக் கொழுப்பைப் படியச் செய்கிறது என்பதும், வைரஸ் ஒழிந்தால் அந்தக் கொழுப்பு குறைகிறது என்பதும் நோயாளிகளிடமே காணப்பட்ட உண்மைகள்.

டெங்குவின் மறுபாதி வாழ்க்கை கொசுவில் நடக்கிறது. அங்கும் கொழுப்பு மையமாக இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. பூச்சிகளால் கொலஸ்ட்ராலைத் தாமே உற்பத்தி செய்ய முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதை உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். டெங்கு தொற்றிய கொசுச் செல்களில் கொழுப்புகளின் வகையும் அளவும் பெரிதும் மாறுவதை 2012-இல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏடிஸ் கொசுவுக்குள் குடியேற்றினால் அந்தக் கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இத்தகைய கொசுக்களை விட்டுப் பார்த்த ஆய்வில் டெங்கு நோய் 77 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் முடிவு வெளியானது. புதுச்சேரியில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையமும் நம் நாட்டு ஏடிஸ் கொசுக்களில் வோல்பாக்கியாவைக் குடியேற்றிய வகைகளை உருவாக்கியிருக்கிறது. பாக்டீரியாவும் வைரஸும் ஒரே கொலஸ்ட்ராலுக்குப் போட்டியிடுவதால்தான் வைரஸ் தோற்கிறது என்பது கவர்ச்சியான விளக்கம். அதை ஆதரிக்கும் சோதனைகளும் உள்ளன. ஆனால் கொசுவின் எதிர்ப்பாற்றல் தூண்டப்படுவது முதலிய வேறு விளக்கங்களும் உள்ளன. எனவே நோய் குறைகிறது என்பதை உறுதியாகவும், கொலஸ்ட்ரால் போட்டியைக் காரணங்களில் ஒன்றாக இருக்கக்கூடியது என்ற அளவிலும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, நான் மேலே சொன்ன செல் ஆய்வுகளுக்கு உள்ள எல்லைகளைச் சொல்லியாக வேண்டும். இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இவை பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஆய்வகத்தில் செல்களை வளர்க்கப் பரவலாகப் பயன்படும் ஊட்டத் திரவத்தில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. இரத்தச் சர்க்கரைக் கணக்கில் சொன்னால் அது 450 மில்லிகிராம்; கட்டுப்பாட்டை இழந்த நீரிழிவு நோயாளியிடம் காணும் அளவு. கல்லீரல் செல் என்று ஆய்வுக் கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் ஹூ-7 என்ற கல்லீரல் புற்றுநோய்ச் செல். புற்றுநோய்ச் செல்கள் இயல்பாகவே சர்க்கரையை மிகுதியாக எரிப்பவை, கொழுப்பை மிகுதியாகக் கட்டுபவை. அத்தகைய செல்லில் ஒரு பாதையைத் தடுத்ததும் வைரஸ் வீழ்ந்தது என்பதிலிருந்து, நம் உடலின் செல்லிலும் அதே அளவு வீழும் என்று முடிவுகட்ட இயலாது. விலங்கு ஆய்விலும் சிக்கல் உண்டு. சாதாரண எலிக்கு டெங்கு நன்றாகத் தொற்றாது. ஆகவே வைரஸுக்கு எதிரான முதன்மைப் பாதுகாப்பான இன்டர்ஃபெரானை உணர முடியாதபடி மாற்றப்பட்ட எலிகளையே பயன்படுத்துகிறோம். வளர்சிதைமாற்றமும் நோய் எதிர்ப்பும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று அறிய விரும்பும்போது, எதிர்ப்பின் பாதியை நீக்கிய விலங்கில் சோதிப்பது எவ்வளவு தூரம் பயன்தரும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பின்னலைத்தான் அடுத்து விளக்க வேண்டும், ஏனெனில் 'வைரஸைப் பட்டினி போடுதல்' என்ற எண்ணம் சறுக்குவது இங்கேதான். வைரஸ் பயன்படுத்தும் அதே ஆற்றலையும் கொழுப்பையும் கொண்டுதான் நம் உடலும் வைரஸை எதிர்க்கிறது. செல்லுக்குள் வைரஸ் ஆர்என்ஏ நுழைந்ததை அறிவிக்கும் மேவ்ஸ் என்ற புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் மேற்சவ்வில் அமர்ந்திருக்கிறது என்பது 2005-இல் தெரிந்தது. சர்க்கரைச் சிதைவில் உண்டாகும் லாக்டேட் இந்தப் புரதத்தில் ஒட்டி அதன் அறிவிப்பை மந்தப்படுத்துகிறது என்று 2019-இல் வெளியான ஆய்வு கூறியது. இன்டர்ஃபெரான் தூண்டும் நொதிகளில் ஒன்று, கொலஸ்ட்ராலைச் சற்றே மாற்றி 25-ஹைட்ராக்சி கொலஸ்ட்ரால் என்ற பொருளை உண்டாக்குகிறது. அது செல் சவ்வுகளின் தன்மையை மாற்றி, உறையுள்ள பல வைரஸ்கள் செல்லோடு இணைவதைத் தடுக்கிறது. வைரஸ் தொற்றிய செல்களைக் கொல்லும் டி செல்கள், விழித்தெழுந்து பெருகும்போது குளுக்கோஸைப் பெருமளவில் செலவிடுகின்றன. நீண்டகாலம் நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் கொழுப்பை எரித்தே வாழ்கின்றன என்று 2009 முதல் பாடப்புத்தகங்களில் ஏறும் அளவுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் 2018-இல், கொழுப்பு எரிப்பின் வாயிலான மரபணுவை நீக்கிய எலிகளிலும் நினைவு டி செல்கள் நன்றாகவே உருவாயின என்றும், முந்தைய சோதனைகளில் பயன்பட்ட எட்டோமாக்சிர் என்ற மருந்து அதிக அளவில் வேறு இலக்குகளையும் தாக்குகிறது என்றும் தெரியவந்தது. டெங்கு ஆய்வில் கொழுப்பு எரிப்பைத் தடுத்ததும் இதே எட்டோமாக்சிர்தான் என்பதால், அந்த முடிவையும் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்வது வழக்கம்.

'லங்கணம் பரம ஔஷதம்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். காய்ச்சலில் பட்டினியே சிறந்த மருந்து என்று. இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஜிட்டோவின் ஆய்வகத்திலிருந்து 2016-இல் வெளியானது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்றிய எலிகளுக்குக் குளுக்கோஸ் ஊட்டியபோது அவை இறந்தன. பட்டினி அவற்றைக் காப்பாற்றியது. ஃப்ளூ வைரஸ் தொற்றிய எலிகளில் இது தலைகீழாக இருந்தது: குளுக்கோஸ் ஊட்டியது உயிரைக் காத்தது, குளுக்கோஸ் பயன்பாட்டைத் தடுத்தபோது எலிகள் இறந்தன. இதில் மிக முக்கியமான நுட்பம் என்னவென்றால், நுரையீரலில் இருந்த வைரஸின் அளவு இரு பிரிவிலும் வேறுபடவில்லை. குளுக்கோஸ் வைரஸைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தொற்றினால் வரும் சேதத்தை உடல், குறிப்பாக மூளை, தாங்கிக்கொள்ளும் திறனையே அது மாற்றியது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே பல்கலைக்கழகத்தின் வேறு குழுக்கள், மாவுச்சத்தை ஏறக்குறைய நீக்கிக் கொழுப்பை மிகுத்த கீட்டோ உணவு எலிகளை ஃப்ளூவிலிருந்து காத்தது என்று காட்டின. நுரையீரலில் காமா டெல்டா என்ற தனிவகை டி செல்கள் பெருகியதே காரணம். கொழுப்பு எரியும்போது உடலில் உண்டாகும் கீட்டோன் பொருளை மட்டும் தனியாகக் கொடுத்தபோதும், கொழுப்போடு மாவுச்சத்தையும் சேர்த்து ஊட்டியபோதும் அந்தப் பயன் கிடைக்கவில்லை. ஒன்று குளுக்கோஸ் காக்கும் என்கிறது, மற்றொன்று மாவுச்சத்தில்லா உணவு காக்கும் என்கிறது. இரண்டும் நல்ல ஆய்வுகளே; ஒன்று தொற்றுக்குப் பின் கொடுத்த உணவைப் பற்றியது, மற்றொன்று தொற்றுக்கு முன்பே பழக்கப்படுத்திய உணவைப் பற்றியது. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்ற தலைப்பில் உணவு அறிவுரை வழங்குபவர்களை நம்பாதீர்கள்.

இவற்றின் ஒளியில் டெங்குக் காய்ச்சலுக்கு வருவோம். எண்ணெய் இல்லாத உணவு வைரஸுக்குக் கிடைக்கும் கொழுப்பைக் குறைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. தொற்றிய செல் தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொள்கிறது, சேமிப்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. முழுப் பட்டினியைப் பற்றி இன்னொரு உண்மையும் உண்டு: நாம் உண்ணாதபோது இன்சுலின் குறைந்து, உடலின் கொழுப்புத் திசு கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் விடுவிக்கிறது. ஆகவே பட்டினியால் செல்களைச் சுற்றியுள்ள கொழுப்பு அமிலங்களின் அளவு உயரவே செய்யும். டெங்குவில் கல்லீரலும் வீங்குவதுண்டு, குமட்டலும் வயிற்று வலியும் வருவதுண்டு. பொரித்த, எண்ணெய் மிகுந்த உணவு அந்த நிலையில் ஒத்துக்கொள்ளாது என்பதால் கஞ்சி, இட்லி போன்றவற்றைக் கொடுப்பது முற்றிலும் பொருத்தமானது. காரணம் நோயாளியின் வயிறு, வைரஸின் பசி அன்று. டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் வருவது, காய்ச்சல் தணியும் நாட்களில் இரத்த நாளங்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுவதால். அப்போது உப்பும் சர்க்கரையும் கலந்த திரவம் உள்ளே போய்க்கொண்டிருப்பது உயிர்காக்கும். பட்டினி என்ற பெயரில் கஞ்சியையும் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் இளநீரையும் நிறுத்துவது தீங்கானது. கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை என்பதால் கூடாது.

டெங்கு நோயாளியின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைந்திருப்பதைப் பார்த்து மகிழ்பவர்களும் உண்டு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடுமையான டெங்குவில் மொத்தக் கொலஸ்ட்ராலும், இரத்தத்தில் அதைச் சுமந்துசெல்லும் துகள்களான எல்டிஎல்லும் எச்டிஎல்லும் வீழ்வது இந்தோனேசியக் குழந்தைகள் உட்படப் பல நோயாளிக் குழுக்களில் காணப்பட்டிருக்கிறது. இதில் எது காரணம், எது விளைவு என்பதுதான் தீராத வினா. இரத்த நாளக் கசிவினாலும் கல்லீரல் பாதிப்பினாலும் கொலஸ்ட்ரால் குறையலாம். வேறு எந்தக் கடும் தொற்றிலும் குறைவதுண்டு. டெங்கு பரிசோதனை அட்டையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய என்எஸ்1 என்ற புரதத்துக்கும் இதில் பங்கிருக்கலாம். ஆறு அலகுகள் பீப்பாய் போலச் சேர்ந்து, நடுவில் ஏறத்தாழ 70 கொழுப்பு மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டு அது இரத்தத்தில் மிதக்கிறது; அமைப்பில் நம் எச்டிஎல் துகளை ஒத்தது. நாள உட்சுவரைக் கசியச் செய்வதில் இந்தப் புரதத்துக்குப் பங்குண்டு என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் வலுவாக உள்ளன. அது சுமக்கும் கொழுப்பு அதில் என்ன செய்கிறது என்பது திறந்த கேள்வி. எப்படியாயினும், காய்ச்சலின்போது எடுத்த கொலஸ்ட்ரால் அளவை வைத்து எந்த முடிவுக்கும் வராமல், குணமாகிச் சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்ப்பதே முறை.

உடல் பருமன் வேறு கணக்கு. 2009-இல் பரவிய எச்1என்1 ஃப்ளூவில் பருமன் தனியொரு ஆபத்துக் காரணியாக முதன்முதலில் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. கோவிட்டில் அது மீண்டும் உறுதிப்பட்டது. டெங்குவிலும் பருமனான குழந்தைகளுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். வைரஸுக்குக் கொழுப்பு மிகுதியாகக் கிடைப்பதால்தான் இப்படி என்று எளிதாக முடித்துவிட இயலாது. பருமனில் நீடித்த அழற்சி இருக்கிறது, இரத்த நாளங்களின் உட்சுவர் முன்பே பலவீனமாக இருக்கிறது, டி செல்களின் ஆற்றல் பயன்பாடும் மாறியிருக்கிறது. இவற்றின் பங்குகளை மனிதர்களிடம் பிரித்தறிவது கடினம். ஆனால் இது ஆண்டுக்கணக்கில் உருவாகும் நிலை. காய்ச்சல் வந்த வாரத்தில் எண்ணெயை நிறுத்துவதால் மாறுவது அன்று.

கடைசியாகத் தந்தையின் மாத்திரை. ஸ்டாட்டின்கள் கொலஸ்ட்ரால் உற்பத்தியின் முதன்மை நொதியைத் தடுப்பவை. ஆய்வகச் செல்களில் அவை டெங்கு வைரஸின் உற்பத்தியைக் குறைத்தன. அந்த நம்பிக்கையோடு வியட்நாமின் ஹோ சி மின் நகரில் 300 டெங்கு நோயாளிகளிடம், காய்ச்சல் தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் லோவாஸ்டாட்டின் கொடுத்துச் சோதித்தார்கள். 2016-இல் வெளியான முடிவு: மருந்து பாதுகாப்பானதாக இருந்தது, வைரஸ் அளவிலோ நோயின் போக்கிலோ பயன் தெரியவில்லை. இது எனக்கு ஏமாற்றமளித்தாலும் வியப்பளிக்கவில்லை. செல்களில் பயன் தந்த மருந்தளவு, மாத்திரையால் இரத்தத்தில் எட்டக்கூடிய அளவைவிட மிக அதிகம். மேலும் டெங்குவில் நோயாளி மருத்துவமனைக்கு வரும்போதே வைரஸ் உச்சத்தைக் கடந்து இறங்கத் தொடங்கியிருக்கும். கோவிட் காலத்தில் கொழுப்பு எரிப்பைத் தூண்டும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரைக்கும் இதே கதி நேர்ந்தது. ஏறத்தாழ 700 பேரிடம் சோதித்து 2022-இல் வெளியான முடிவில் பயன் எதுவும் இல்லை. விதிவிலக்காக, நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின், அதிக எடையுள்ள கோவிட் நோயாளிகளிடம் நீடித்த கோவிட் வரும் விகிதத்தை 10.4 விழுக்காட்டிலிருந்து 6.3 ஆகக் குறைத்ததாக 2023-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது; அது வளர்சிதைமாற்றத்தின் வழியாகவா வேறு வழியாகவா என்பது தீர்மானமாகவில்லை. கொழுப்பு அமில சிந்தேஸையே குறிவைக்கும் டெனிஃபான்ஸ்டாட் என்ற மருந்து கொழுப்புக் கல்லீரல் நோய்க்காக மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. டெங்குவுக்கு அத்தகைய மருந்து எப்போதாவது பயன்பட வேண்டுமானால், நோய் முற்றியவருக்கு அன்றி, ஒரே வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தவுடன் மற்றவர்களுக்குக் கொடுக்கும் முன்தடுப்பாகவே அமையும் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே உங்கள் தந்தை இதயத்துக்காக எடுத்துக்கொள்ளும் ஸ்டாட்டினை டெங்குவுக்கான கவசமாக எண்ண வேண்டாம். கொசு கடிக்காமல் காப்பதில் அதன் பேரில் எந்தத் தளர்ச்சியும் கூடாது. அவருக்கு டெங்கு வந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். டெங்குவில் கல்லீரல் நொதிகள் உயர்வதும் தசைவலி வருவதும் இயல்பு. ஸ்டாட்டினாலும் இவை இரண்டும் நேரக்கூடும் என்பதால், சில நாட்கள் நிறுத்திவைக்கலாமா என்பதைக் கல்லீரல் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார் என்றால் அதை மருத்துவமனையில் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். டெங்குவில் ஸ்டாட்டினைவிட அந்த மாத்திரையைப் பற்றிய முடிவுதான் அவசரமானது.